16:8 விரதம்: எடை இறங்குவது நின்றுவிட்டது, தூக்கமும் கெட்டுவிட்டது

நீலாம்பல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 31. சில மாதங்களாக இடைவெளி விரதம் இருந்து வருகிறேன். பகல் 12 மணிக்கு முதல் வேளை, இரவு 8 மணிக்குள் கடைசி வேளை. மற்ற 16 மணி நேரமும் தண்ணீரும், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபியும்தான்.

தொடக்கத்தில் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது எடை இயந்திரம் ஒரே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தூக்கம்தான் என்னை வாட்டுகிறது. படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். மூன்று மணி வாக்கில் திடுக்கென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்ந்திருக்கிறது. பிறகு விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். காலையில் எழும்போது தலை பாரமாக இருக்கிறது. வேலையில் உட்கார்ந்த சற்று நேரத்திலேயே கொட்டாவி தொடங்கிவிடுகிறது.

எடை குறைந்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்றுதான் எங்கும் படிக்கிறேன். எனக்கு ஏன் நேர்மாறாக நடக்கிறது? விரதத்தை 18 மணி நேரமாக நீட்டினால் எடை மறுபடியும் இறங்குமா? அல்லது விட்டுவிடுவதே நல்லதா? இந்த நிலையைக் கடந்து வந்த பெண்கள் இருந்தால் எழுதுங்கள்.

தேன்சிட்டு எழுதியது:

அக்கா, விட்டுவிடாதீர்கள். நான் 16 மணி நேரத்தில் தொடங்கி 18க்குப் போனேன். இரவு உணவு முடிந்த பிறகும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. அதை நிறுத்தியது விரதம்தான். கலோரி எண்ணுவது, உணவை நிறுப்பது, குறிப்பேட்டில் எழுதுவது எதுவும் தேவையில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் போதும். நீண்ட விரதத்தில் செல்கள் தம் கழிவைத் தாமே தின்று புதுப்பித்துக்கொள்கின்றன. அந்த ஆட்டோஃபேஜி ஆய்வுக்குத்தான் 2016இல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடல் பழகிக்கொள்ளும், 18க்கு மாறிப் பாருங்கள்.

எடைக்கல் எழுதியது:

தேன்சிட்டு, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்ளும் ஒருவரிடம் விரதத்தை நீட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓசுமி தம் அடிப்படைக் கண்டுபிடிப்புகளைச் செய்தது ஈஸ்ட் செல்களில். மனித உடலில் 16ஆம் மணி நேரத்தில் தொடங்கும், 18இல் பெருகும் என்றெல்லாம் அந்தப் பரிசு சொல்லவில்லை.

நீலாம்பல், முதலில் எடைக் கேள்விக்கு வருகிறேன். விரத நேரத்துக்கென்று தனி மந்திர சக்தி எதுவும் இல்லை என்பதை நான்கு ஆய்வுகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். 2020இல் வெளியான ட்ரீட் ஆய்வில் 116 பேர். ஒரு பிரிவினர் உங்களைப் போலவே பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டார்கள். மறு பிரிவினர் வழக்கம்போல மூன்று வேளை. 12 வாரம் கழித்து விரதப் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மற்றதில் 0.68 கிலோ. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. 2022இல் சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். அவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் விரதத்தை 2017இல் 100 பேரிடம் சோதித்தபோது எடைக் குறைவு 6 சதவீதம். தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீதம். ஆனால் பாதியில் விலகியவர்கள் விரதப் பிரிவில்தான் அதிகம்: 38 சதவீதம், மறு பிரிவில் 29.

பெண்களை மட்டுமே வைத்துச் செய்தது 2011இன் ஆய்வு. அதிக எடை கொண்ட, மாதவிடாய் நிற்காத 107 பெண்கள். வாரத்தில் இரண்டு நாள் கடும் கட்டுப்பாடு இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 6.4 கிலோ, தினமும் மிதமாகக் குறைத்தவர்களுக்கு 5.6 கிலோ. இரண்டு வழியும் வேலை செய்தன.

ஆக, விரதம் எடையைக் குறைக்கிறது என்றால் அது சாப்பாட்டைக் குறைப்பதால்தான். தேன்சிட்டுவுக்கு இரவுக் கொறிப்பு நின்றது, பலன் கிடைத்தது. முதல் வாரங்களில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறையும். இதே அளவில் சாப்பிட்டால் ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். இப்போது உங்கள் எடை அங்கேதான் நிற்கிறது.

தேன்சிட்டு எழுதியது:

> விரத நேரத்துக்கென்று தனி மந்திர சக்தி எதுவும் இல்லை

சரி, அப்படியே இருக்கட்டும். சாப்பாட்டைக் குறைப்பதுதான் காரணம் என்றால், அதை எளிதாக்கும் கருவி எதுவோ அதைப் பிடித்துக்கொள்வதில் என்ன தவறு? சிகாகோவில் 2020இல் நடந்த ஆய்வில் 4 மணி நேரம், 6 மணி நேரம் மட்டும் சாப்பிட்டவர்கள், யாரும் சொல்லாமலேயே ஒரு நாளைக்கு 550 கலோரி அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். எட்டு வாரத்தில் 3 சதவீத எடை இறங்கியது. கலோரி எண்ணச் சொன்னால் இரண்டாம் வாரமே சலித்துப்போகும் என் போன்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். வீட்டு வேலை, வெளி வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்கு எளிமையும் முக்கியம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எடைக்கல் எழுதியது:

அந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். உங்களுக்கு அது பொருந்துகிறது, தொடருங்கள். ஆனால் நீங்கள் சொன்ன அதே சிகாகோ ஆய்வில் தூக்கத்தையும் அளந்தார்கள். தூக்கத்தின் தரம், நேரம், தூக்கமின்மையின் தீவிரம், உறக்கத்தில் மூச்சு நிற்கும் ஆபத்து எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கெடவும் இல்லை, மேம்படவும் இல்லை. அதனால்தான் நீலாம்பலின் தூக்கம் கெட்டதற்கு விரதத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு ஏதோ இருக்கிறது.

கார்முகில் எழுதியது:

நான் தூக்க ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல. ஆனால் நீலாம்பல் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உலர்ந்த வாய், படபடப்புடன் விழிப்பு, காலைத் தலைபாரம், பகல் அசதி, பிஎம்ஐ 31. சகோதரி, உங்களுக்குக் குறட்டை உண்டா? கழுத்துச் சுற்றளவு எவ்வளவு? இரத்த அழுத்தம் எப்படி? கடைசிக் காபி எத்தனை மணிக்கு? இரவு 8 மணிக்கு என்ன அளவு சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் தொண்டைப் பாதை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், பருமனான ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வீடு அதிரும் குறட்டை, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுதல் என்ற சித்திரம் பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து வரைந்தது. பெண்கள் வந்து சொல்வது வேறு: தூக்கம் வரவில்லை, நடுவில் விழித்துக்கொள்கிறேன், காலையில் தலைவலி, எப்போதும் அசதி, மனம் சோர்ந்திருக்கிறது. இதைக் கேட்டவுடன் தூக்க மாத்திரையோ மன அழுத்த மருந்தோ எழுதப்படுகிறது. மூச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே அலைந்துவிட்டு எங்களிடம் வந்து சேரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

மூன்று மணி என்பதற்கும் பொருள் உண்டு. கனவுகள் மிகுந்த ரெம் உறக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் தசைகள் தளர்ந்துவிடும், தொண்டைத் தசையும் சேர்த்து. பெண்கள் பலருக்கு மூச்சுத்தடை இந்த ரெம் கட்டத்தில்தான் குவிந்திருக்கும். முன்னிரவில் அமைதியாகத் தூங்குவார்கள். அப்போது பார்ப்பவர்கள் நன்றாகத்தானே தூங்குகிறாள் என்பார்கள்.

நீலாம்பல் எழுதியது:

கார்முகில், உங்கள் கேள்விகளைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குறட்டை உண்டு என்று மகள் சொல்கிறாள். விடியற்காலையில் சில நேரம் நான் மூச்சை இழுத்துப் பிடித்து விடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும் என்றும் சொன்னாள். கழுத்தை இப்போதுதான் அளந்தேன், 39 சென்டிமீட்டர். இரத்த அழுத்தம் எல்லையில் இருப்பதாகச் சென்ற பரிசோதனையில் சொன்னார்கள்.

காபி காலையிலிருந்தே குடிப்பேன். பசியை அடக்குவது அதுதான். மாலை ஐந்து மணிக்கும் ஒன்று உண்டு. இரவு 8 மணிச் சாப்பாடுதான் நாளின் பெரிய சாப்பாடு. அடுத்த 16 மணி நேரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவேன். பத்து மணிக்குப் படுக்கை.

மருந்துப்பெட்டி எழுதியது:

மருந்தாளுநராக ஒரு வார்த்தை. காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு அந்த நேரம் ஏறத்தாழ இரு மடங்காக நீளும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அதைவிடவும் அதிகம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றில், பசிக்கும்போதெல்லாம் காபி குடிப்பதைப் பார்க்கிறேன். விரதம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையான காரணம் அந்தக் கோப்பைதான் என்பது என் கருத்து. பகல் 12 மணிக்கு மேல் வேண்டாம், சகோதரி. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும்; படிப்படியாகக் குறையுங்கள்.

எடைக்கல் எழுதியது:

இரவு 8 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடுவது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன்.

2013இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அதிக எடையும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ள 93 பெண்கள். எல்லோருக்கும் நாளுக்கு 1400 கலோரி. ஒரு பிரிவுக்கு 700 கலோரி காலையிலும் 200 இரவிலும். மறு பிரிவுக்கு 200 காலையிலும் 700 இரவிலும். 12 வாரத்தில் காலையில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 8.7 கிலோ குறைந்தது, இரவில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 3.6 கிலோ.

இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2022இல் உணவு முழுவதையும் கையில் கொடுத்து, மிகக் கவனமாக அளந்து 30 பேரிடம் செய்த சோதனையில் காலையில் அதிகம், இரவில் அதிகம் என்பதால் எடையில் எந்த வேறுபாடும் வரவில்லை. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்டபோது பசி குறைவாக இருந்தது. என் கணிப்பு இதுதான்: நேரம் கலோரியை மாயமாக எரிப்பதில்லை, பசியை அடக்கி, நாம் சாப்பிடும் அளவை மாற்றுகிறது. வீட்டில் நம் தட்டை யாரும் அளந்து தருவதில்லை என்பதால் பசி குறைவதே பெரிய விஷயம்.

அதே ஆண்டு அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 90 பேரிடம் காலை 7 முதல் மாலை 3 வரை என்ற நேரத்தைச் சோதித்தார்கள். 14 வாரத்தில் 6.3 கிலோ; நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 4 கிலோ. பகலில் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இரவில் மெலடோனின் ஏறத் தொடங்கியதும் கணையத்தின் இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. முட்ட முட்டச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் படுத்தால் அமிலம் மேலேறுவதற்கும் வழி செய்கிறோம். படுத்த நிலையில் அதுவே விழிப்பைக் கொண்டுவரும்.

குறிஞ்சிமலர் எழுதியது:

எனக்கு 52. மாதவிடாய் நின்றுவிட்டது. மாலை 3 மணிக்குச் சாப்பாட்டை முடிப்பது என்று படிக்கும்போதெல்லாம், இதை எழுதுபவர்களின் வீட்டில் யாருமே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. நாள் முழுக்க ஆளுக்கொரு திசையில் போய்விட்டு எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம் இரவுதான். அந்த மேசையில் நான் மட்டும் வெறும் தட்டுடன் உட்கார முடியாது. நான் காலை 9 முதல் மாலை 7 வரை என்று வைத்துக்கொண்டேன். இரவு உணவு அளவில் சிறியது, ஆனால் எல்லோருடனும் சேர்ந்து. 14 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. எடை மெதுவாக இறங்குகிறது, நிற்கவில்லை.

நீலாம்பல், 43 வயதில் ஹார்மோன் மாற்றமும் தொடங்கியிருக்கலாம். இரவில் திடீரென்று உடல் கொதித்து, வேர்த்து, போர்வையை உதறிவிட்டு எழுந்தால் அது வேறு கதை. உங்கள் விழிப்பில் வேர்வை உண்டா என்று கவனியுங்கள். மாதவிடாய் நெருங்க நெருங்கத் தூக்கம் மோசமாகிறதா என்றும் பாருங்கள். எடையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த எண்ணைச் சென்ற வார எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைந்துபோகக் கூடாது. சென்ற மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சுமார் 40 பெண்களை இரவில் ஒன்றரை மணி நேரம் குறைவாகத் தூங்கவைத்தார்கள், ஆறு வாரம். இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை, ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதைவிடவும் அதிகம். உடல் கொழுப்பு கூடியதால் அல்ல, தூக்கம் குறைந்ததால் மட்டும். இதைப் படித்த பிறகுதான் இரவு வேலைகளை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப் பழகினேன். குடும்பத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு தூங்கி, எல்லோருக்கும் முன்னால் எழுவது பெண்ணின் கடமை என்று யார் எழுதி வைத்தார்கள்?

வெண்தாமரை எழுதியது:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு நீரிழிவு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் 16:8 தொடங்கலாமா?

மருந்துப்பெட்டி எழுதியது:

மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், தோழி. மாத்திரையின் பெயரைப் பொறுத்தது இது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகையோ இன்சுலினோ என்றால் சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நள்ளிரவில் வேர்த்து, நடுங்கி, படபடப்புடன் விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறிவிடும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே அது நடக்கலாம் என்பதால் கவனத்தில் படாமல் போகும். விரதம் தொடங்கும் முன் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைக்க வேண்டும்; அதை மருத்துவர்தான் செய்ய முடியும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த விரதத்தின் பக்கமே போக வேண்டாம். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வேகமாக எடை குறைவதும் நீண்ட பட்டினியும் கல் உருவாக வழி செய்யும்.

தேன்சிட்டு எழுதியது:

இங்கே எல்லோரும் பேசுவதைப் பார்த்தால் விரதமே பெண்களுக்கு ஆகாது என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுவார்கள். ஹார்மோன் எல்லாம் குலைந்துவிடும் என்று ஏற்கெனவே இணையம் முழுக்கப் பயமுறுத்துகிறார்கள். அதிக எடையுள்ள பெண்களின் ஹார்மோன்களை அளந்து பார்த்திருக்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

எடைக்கல் எழுதியது:

நியாயமான கேள்வி. சிகாகோ குழுவினர் 4 மணி, 6 மணி நேர உணவு முறையில் எட்டு வாரம் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அளந்த எஸ்ட்ரோஜென்களிலும் மாற்றம் இல்லை. டிஹெச்இஏ என்ற ஹார்மோன் 14 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, ஆனால் இயல்பான வரம்புக்குள்தான். சிறிய ஆய்வு, என்றாலும் பயமுறுத்தல்களுக்கு அது இடம் தரவில்லை. அதிக எடை இல்லாத, கடுமையாக உடற்பயிற்சி செய்யும் பெண்கள் மேலும் பட்டினி கிடந்தால் மாதவிடாய் நின்றுபோகலாம். அது வேறு நிலை, இங்கே பொருந்தாது.

என் கவலை தசையைப் பற்றியது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. அதிக எடையுள்ள 10 பேர், அளவு குறைந்த உணவில், இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவைக்கப்பட்டார்கள். இரண்டு கட்டத்திலும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றுதான், 3 கிலோ அளவில். ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு. மீதி பெரும்பாலும் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி. எடை இயந்திரம் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். நீலாம்பல் பசியைத் தாங்கிக்கொண்டு, தூக்கத்தையும் இழந்து, தசையை விற்று எடையைக் குறைக்கிறாரோ என்பதுதான் என் பயம். புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி வேண்டும். 8 மணி நேரத்துக்குள் இரண்டே வேளை சாப்பிடும்போது முதலில் அடிபடுவது புரதம்தான்.

கார்முகில் எழுதியது:

எடைக்கல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரவில் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தூக்கப் பழக்கத்தைத் திருத்த ஆலோசனை மட்டும் கொடுத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் 1.2 மணி நேரம் அதிகமாகத் தூங்கினார்கள். அவர்கள் சாப்பிட்டது, மற்ற பிரிவினரோடு ஒப்பிட்டால், நாளுக்கு 270 கலோரி குறைந்தது. விரதத்தை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டுவதற்குச் செலவிடும் மன உறுதியைச் சீக்கிரம் படுப்பதற்குச் செலவிடலாமே என்பதுதான் நான் சொல்ல வருவது.

நீலாம்பல், உங்கள் பதில்களுக்குப் பிறகு சொல்கிறேன்: தூக்க ஆய்வுக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கமே வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். குறட்டை, மகள் கேட்ட சத்தம், காலைத் தலைபாரம், எல்லையில் நிற்கும் இரத்த அழுத்தம் என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழுத்து 40 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் கவலை இல்லை என்று யாரும் தள்ளிவிட விடாதீர்கள். அது பல அடையாளங்களில் ஒன்று மட்டுமே.

எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் போகும். மாலையில் வருவீர்கள். தலையிலும் கண் ஓரத்திலும் தாடையிலும் சிறு மின்முனைகளைப் பசையால் ஒட்டுவோம். மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி, மூக்கின் கீழ் மெல்லிய குழாய், காலில் இரண்டு மின்முனைகள். ஊசி எதுவும் கிடையாது. இத்தனை கம்பிகளோடு எப்படித் தூங்குவேன் என்று கேட்பவர்கள்தான் அதிகம், பெரும்பாலானவர்கள் தூங்கிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது கணிசமாகக் குறைகிறது என்று எண்ணுவோம். 5க்குள் இயல்பு, 15 வரை லேசான நிலை, 30 வரை மிதமான நிலை, அதற்கு மேல் கடுமை.

வீட்டிலேயே செய்யும் எளிய சோதனையும் உண்டு. செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் அதில் மூளை அலைகளைப் பதிவதில்லை. நீங்கள் விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்ந்து சராசரி குறைந்துவிடும். பெண்களுக்கு மூச்சு முழுவதும் நிற்காமல், குறைந்தவுடனேயே மூளை விழித்துக்கொள்வது அதிகம்; அது இதில் பதிவாகாமல் போகலாம். எனவே வீட்டுச் சோதனை இயல்பு என்று வந்தும் தொல்லை நீடித்தால் ஆய்வுக்கூடச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

நீலாம்பல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கார்முகில் சொன்ன நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மாலைக் காபியை விட்டுவிட்டேன். தலைவலி இருக்கிறது, ஆனால் தாங்கும்படி இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தைக் காலை 9 முதல் மாலை 6 வரை என்று மாற்றுகிறேன். 18 மணி நேரம் என்ற யோசனையை இப்போதைக்கு எடுக்கவில்லை. இரவில் சிறிய அளவு சாப்பிட்டால் பசியில் விழிப்பு வருமோ என்று பயந்தேன், அப்படி எதுவும் ஆகவில்லை. மூன்று மணி விழிப்பு மட்டும் தொடர்கிறது.

ஒரு கேள்வி. எனக்கு ஆப்னியா இருப்பது உறுதியாகி, அந்த முகமூடிக் கருவியைப் போட்டுக்கொண்டால், தூக்கம் சரியாகி எடையும் தானாக இறங்குமா?

கார்முகில் எழுதியது:

இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். சிபேப் எனப்படும் அந்தக் கருவி காற்றழுத்தத்தால் தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கும். காலைத் தலைபாரமும் பகல் அசதியும் குறையும், இரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். ஆனால் அதைப் பயன்படுத்துபவர்களின் எடை சராசரியில் சிறிதளவு கூடுவதாகவே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடி உடல் செலவழித்த ஆற்றல் மிச்சமாவதும் அதற்கு ஒரு காரணம். எனவே உணவுக் கட்டுப்பாட்டை அதனுடன் சேர்த்தே தொடர வேண்டும். பகலில் அசதி இல்லாதபோது நடக்கவும் பயிற்சி செய்யவும் முடியும் என்பதுதான் அதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம்.

எதிர்த்திசையில் தொடர்பு வலுவானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை 26 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூடியவர்களுக்கு 32 சதவீதம் ஏறியது. உடல் பருமனுடன் மிதமான அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்ததும் இந்தத் தொடர்பை நம்பித்தான். அது உங்களுக்குத் தேவையா என்பதைச் சோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். முடிவு வந்ததும் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ரெம் உறக்கத்தில் எத்தனை, மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி வாருங்கள்.